ஜேட் வைன்: பந்தல் நிறைய கொடி, பூ மட்டும் இல்லை

வடவள்ளி_வாணி (கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருக்கேன், நான் தொடங்கற முதல் இழை இது.

திருச்சூர் மண்ணுத்தி பக்கம் ஒரு நர்சரியில வாங்கின ஜேட் வைன். கார் நிறுத்தற இடத்துக்குப் பக்கத்துல மண்ணுலயே நட்டு, இரும்புப் பைப் பந்தல்ல ஏத்திவிட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. கொடி பந்தலையே மூடிடுச்சு, இலை அடர்த்தியில வெயில் கீழ விழறதில்ல. பூ மட்டும் ஒண்ணுகூட இல்லீங்க. அந்த மயில்கழுத்து நிறச் சரத்துக்காகத்தான் பந்தலே போட்டோம்.

கவனிப்புல குறை வைக்கலைங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா பஞ்சகவ்யா, நடுவுல மீன் அமிலம், மாசம் ஒரு கூடை தொழுஉரம், கடலைப்புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி. காலைல சிறுவாணித் தண்ணி.

பக்கத்து வீட்டு அண்ணன் "அது ஆண் செடி, பூக்காது"ங்கறார். வீட்டுக்காரர் "தை முடியட்டும், பூக்கலைன்னா எடுத்துட்டு பேஷன் ஃப்ரூட் வெச்சுக்கலாம்"ங்கறார். பொங்கலுக்கு முன்னால பெயின்ட் அடிக்க ஆள் வர்றாங்க. பந்தலுக்குக் கீழ தொங்கற தண்டையெல்லாம் வெட்டிவிடலாமான்னு கேக்கறாங்க. வெட்டினா புதுத் துளிர்ல பூ வருமா?

அம்பத்தூர்_மாடி (சென்னை)

தண்ணியை நிறுத்துங்க மேடம், அவ்ளோதான். பதினஞ்சு இருபது நாள் பட்டினி போட்டா தானா பூக்கும். என் மாடியில காகிதப்பூ எல்லாம் அப்படித்தான். இலை வாடித் தொங்கற வரைக்கும் விட்டுட்டு ஒரு குடம் ஊத்தினா, அடுத்த மாசம் இலையே தெரியாது.

மதுரைப் பக்கம் மல்லி போடறவங்க என்ன பண்றாங்க? கார்த்திகை வாக்குல தண்ணியைக் குறைச்சு, தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தத்தையும் கவாத்து பண்ணிடுவாங்க. மாசி, பங்குனியில மொட்டு குவியும். செடிக்கு வயிறு காஞ்சாத்தான் பிள்ளை நினைப்பு வரும். நீங்க வெச்சிருக்கறது பணக்கார வீட்டுப் பிள்ளை.

தேவகோட்டையார்

எங்க ஊர்ல இதுக்கு வேற வைத்தியம். காய்க்காத மாமரத்துக்கிட்ட ஒருத்தர் அரிவாளோட போவார். "இந்த வருஷமும் காய்க்கல, வெட்டப்போறேன்"னு அடிமரத்துல ரெண்டு கொத்து போடுவார். இன்னொருத்தர் ஓடிவந்து "வேண்டாம்ப்பா, அடுத்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன்"னு தடுப்பார். எங்க தாத்தா எப்பவும் ஜாமீன்காரர்.

சிரிக்காதீங்க. அந்த ரெண்டு கொத்துல விஷயம் இருக்கு. பட்டை காயம்பட்டா இலையில உண்டான சர்க்கரை வேருக்கு இறங்க முடியாம மேலயே தங்கும். சில மரம் அதுல பூக்கும். அதுக்காக ஜேட் வைனைக் கொத்தச் சொல்லலை.

கல்குளத்தான் (குமரி)

பந்தலுக்குக் கீழே தொங்குவதில் ஒரு தண்டைக்கூட வெட்டவிடாதீர்கள். பெயின்ட் அடிக்க வருபவரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

மல்லி புதுக்கிளையில் பூக்கும், அதனால் கவாத்து செய்தால் பூ கூடும். ஜேட் வைன் அப்படியல்ல. முற்றி, மரம்போல் இறுகிய பழைய தண்டில்தான் அதன் பூங்கொத்து வரும். இலை எல்லாம் பந்தலின் மேல்முகத்தில் இருக்கும். சரம், அடியில் இருக்கிற மொட்டைத் தண்டிலிருந்து நேராக இறங்கும். பார்க்க அசிங்கமாக, காய்ந்த கயிறு மாதிரி தொங்குவதைத்தான் நாம் முதலில் வெட்டுவோம். பூக்கப்போவது அதுதான்.

ஆண் செடி, பெண் செடி என்பது பப்பாளிக்குச் சொல்கிற கதை. இது அவரைக் குடும்பம். ஒவ்வொரு பூவிலும் இரண்டும் உண்டு.

பட்டினி போடுவது பற்றி. செடி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வைத்தியம் சொல்லக்கூடாது. காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் செடி, வறட்சி பார்த்துப் பழகியது. ஜேட் வைன் பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசான், மிண்டோரோ, கட்டாண்டுவானஸ் தீவுகளின் ஈரக்காட்டில், ஓடைக்கரையிலும் பள்ளங்களிலும் வளர்வது. வேர் நிழலிலும் ஈரத்திலும் கிடக்கும், தலை மட்டும் மரத்தின் மேல் ஏறி வெயில் குடிக்கும். 1841 வாக்கில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பயணத்தில் போனவர்கள் லூசானின் மாக்கிலிங் மலைச்சரிவில் இதைக் கண்டார்கள். 1854இல் ஆசா கிரே என்ற தாவரவியலாளர் ஸ்ட்ராங்கைலோடான் மேக்ரோபோட்ரிஸ் என்று பெயர் வைத்தார். அங்கே இதில் மகரந்தம் சேர்ப்பது வௌவால். சரத்தைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும்போது அதன் தலையில் மகரந்தம் ஒட்டும். அந்தக் கனத்தைத் தாங்கத்தான் இத்தனை தடித்த காம்பு. ஓடைக்கரைச் செடியை இருபது நாள் காயப்போட்டால் பூ வராது, இலை கொட்டும். மொட்டு இருந்தால் அதுவும் சேர்ந்து கொட்டும்.

அப்படியானால் ஏன் பூக்கவில்லை? எனக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று வயது. வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அடித்தண்டு குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் பருமன் வரவேண்டும் என்பது. இரண்டு வருடத்தில் பூத்ததும் உண்டு, ஐந்தாறு வருடம் காக்கவைத்ததும் உண்டு. இரண்டாவது, உங்கள் சாப்பாடு. பஞ்சகவ்யா, மீன் அமிலம், கடலைப்புண்ணாக்கு என்று நீங்கள் போடுவது பெரும்பாலும் தழைச்சத்து. அவரைக் குடும்பத்துச் செடி தன் வேர் முடிச்சில் தானே தழைச்சத்து சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஊட்டினால் இலைதான் போடும். உங்கள் பந்தல் அதைத்தான் சொல்கிறது.

அடித்தண்டு எவ்வளவு பருமன், பந்தலின் மேல் எத்தனை மணி நேரம் வெயில், வாங்கியது விதைக்கன்றா பதியமா என்று சொல்லுங்கள். இலைப் படமும் ஒன்று போடுங்கள். சிவப்பு ஜேட் வைன் என்று விற்பது வேறு செடி, நியூ கினித் தீவின் முக்கூனா. பூனைக்காலிக்குச் சொந்தம். அதன் இலையும் மூன்றிலைதான்.

வடவள்ளி_வாணி

அய்யா, இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு நன்றிங்க. பெயின்ட்காரங்களுக்குச் சொல்லியாச்சு.

அடித்தண்டு என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். பந்தல் மேல காலைல ஏழு மணிலேர்ந்து பன்னண்டு வரைக்கும் நல்ல வெயில், அப்புறம் பக்கத்து வீட்டு மாடி நிழல். பதியம்னுதான் நர்சரியில சொன்னாங்க. இலைப் படம் கீழ இருக்குங்க. புதுத் துளிர் கருஞ்சிவப்பா வந்து அப்புறம் பச்சையாகுது.

வெயில் போதுமாங்க? மதிய வெயில் இல்லாததுதான் காரணமோன்னு ஒரு சந்தேகம்.

கல்குளத்தான்

படத்தில் இருப்பது ஜேட் வைன்தான், சந்தேகமில்லை. காலை வெயில் தாராளமாகப் போதும். கோவை மதிய வெயில் இல்லாதது நல்லதுதான், சித்திரையில் இலை கருகாது. பருமனும் வந்துவிட்டது. உரத்தை நிறுத்திவிட்டு இந்த வருடம் காத்திருங்கள். கோவையில் மார்கழிக் குளிர் 15 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாது, அதனால் குளிரும் இதற்கு ஒரு பொருட்டல்ல.

தமயந்தி_சிங்கை

சிங்கப்பூர்லேருந்து எழுதறேன். இங்க வருஷம் முழுக்க மழைதான், வறட்சிக்காலம்னு சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு கிடையாது. ஜேட் வைன் இங்கயும் பூக்குது. பட்டினி போட்டாத்தான் பூக்கும்னா சிங்கப்பூர்ல எப்படிப் பூக்கும்? ஹவாய்லயும் நல்லா வரும், அந்தப் பூவைக் கோத்து மாலை கட்டறாங்க.

ஆனா செடிக்கு வெளியிலேர்ந்து ஒரு சாடை வேணும்னு அம்பத்தூர் அண்ணன் சொல்றதுல பாதி சரி. இங்க சாலையோர மரங்கள்ல புறா ஆர்க்கிட்னு ஒண்ணு ஒட்டி வளரும். வெள்ளையா, சின்னப் பூ. மாசக்கணக்கா மொட்டை அடக்கி வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கும். ஒருநாள் பெரிய மழை வந்து வெப்பம் சட்டுனு அஞ்சாறு டிகிரி இறங்கினா, அதுலேர்ந்து ஒன்பதாவது நாள் அந்த வட்டாரம் முழுக்க ஒரே காலையில பூக்கும். பஸ்ல போகும்போது மரத்துக்கு மரம் வெள்ளையா தெரியும். சாயந்திரத்துக்குள்ள வாடிடும். எல்லாச் செடியும் ஒரே நாள் பூத்தாத்தானே தேனீ ஒரு செடியிலேர்ந்து இன்னொண்ணுக்கு மகரந்தம் கொண்டுபோக முடியும்? இதுக்கு உரமும் வேணாம், பட்டினியும் வேணாம். அந்தக் குளிர் ஒண்ணுதான் கணக்கு.

அம்பத்தூர்_மாடி

மேடம், நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் தண்ணிதான் கணக்கு. என்கிட்ட அடீனியம் இருக்கு, மார்கழியில தண்ணி காட்டவே மாட்டேன், இலை உதிர்ந்து மொட்டையா நிக்கும். மாசியில வெயில் ஏறினதும் பூக்கும். காகிதப்பூ சொன்னேன், மல்லி சொன்னேன். மூணு செடி ஒரே சாட்சி சொல்லுது, நாலாவது மட்டும் எப்படி மாறும்?

கல்குளத்தான்

மூன்று சாட்சியும் ஒரே ஊர்க்காரர்கள் தம்பி. அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்து வறண்ட நிலத்துச் செடி. அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு வெளியே பட்டினி கிடப்பது போல் நடிக்கும். ஜேட் வைனுக்கு அந்தத் தொட்டி கிடையாது.

வேளாண்_பழசு (திண்டுக்கல்)

ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து படிப்பதே பொழுதுபோக்கு. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

சிறுவாணித் தண்ணீர் வரும்வரை கவலையில்லை. கோடையில் அது குறைந்து போர் தண்ணீருக்கு மாறும்போதுதான் இந்த மாதிரி ஈரக்காட்டுச் செடிகள் சோர்ந்துபோகும். உப்பும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீரில் மண் காரத்துக்குப் போய்விடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் சேர்த்து மாலையில் இலை நனையத் தெளித்தால் போதும், பத்து நாளில் மறுபடி ஒருமுறை. அதற்கு யூரியா போட்டு இலையைப் பச்சையாக்கப் பார்ப்பவர்கள் நிறைய.

இரண்டாவது, "பூக்கச் சாம்பல்சத்து (பொட்டாஷ்) வேண்டும்" என்று யாரோ சொன்னதை நம்பி அடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டாதீர்கள். சாம்பலும் காரம்தான். ஜேட் வைன் லேசான புளிப்பு மண்ணை விரும்பும். சல்பேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு கைப்பிடி, வேரிலிருந்து தள்ளி வட்டமாகப் போட்டு, மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். மூடாக்கு உரத்தைவிட முக்கியம். அடிமண் சுடக்கூடாது.

தழைச்சத்தை அடியோடு நிறுத்தினால் இலை வெளிறுமோ என்று பயப்பட வேண்டாம். மூன்று வருடம் போட்டது மண்ணில் இருக்கிறது.

வடவள்ளி_வாணி

குறிச்சு வெச்சுக்கிட்டேங்க. இன்னொரு சந்தேகம், சிரிக்கக் கூடாது. எங்கம்மா வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டு முடிச்சுட்டு, தூபக்காலைக் கொடிக்கு அடியில கொண்டுபோய்க் காட்டறாங்க. புகை பட்டா பூக்கும்னு அவங்க அம்மா சொன்னாங்களாம். இதுல ஏதாவது உண்டுங்களா?

வேளாண்_பழசு

சிரிக்க ஒன்றுமில்லை அம்மா. புகைக்குப் பூக்கும் செடிகள் உண்டு.

இந்தக் கொடியின் சொந்த ஊரான பிலிப்பைன்ஸிலேயே மாமரத்துக்கு அடியில் சருகும் பச்சை இலையும் போட்டு நாள்கணக்கில் மூட்டம் போடுவார்கள், பூ எடுக்கும்வரை. வேலை செய்வது அந்தப் புகையில் இருக்கும் எத்திலீன். பழம் பழுக்கும்போது வெளிவரும் அதே வாயுதான். 1970களில் ராமோன் பார்பா என்ற பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி புகைக்குப் பதில் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தாலே மா பூக்கும் என்று காட்டினார். அதற்குப் பிறகு அங்கே பருவம் இல்லாத காலத்திலும் மாம்பழம் எடுக்க முடிந்தது. அன்னாசிக்கும் இதே கதைதான். இன்றைக்கும் அன்னாசித் தோட்டத்தில் எத்திலீனை வெளிவிடும் எத்தெஃபான் மருந்தை ஊற்றுவது எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் பூக்கத்தான்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையிருந்தால் அன்னாசியின் சொந்தக்காரச் செடியான புரோமீலியாடை எடுங்கள். நன்றாக வளர்ந்த செடியின் நடுக் குழியில் இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு கனிந்த வாழைப்பழத்தோடு சேர்த்து ஒரு பெரிய பாலித்தீன் பையில் கட்டி, நேர் வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். பிறகு பிரித்து வழக்கம்போல் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூந்தண்டு வரும். சின்னச் செடிக்குச் செய்யாதீர்கள். ஒருமுறை பூத்தால் தாய்ச்செடி மெல்ல முடிந்துபோகும், பக்கக்கன்றுதான் மிச்சம்.

ஜேட் வைனுக்கு இது பொருந்தாது. எத்திலீன் பட்டால் மொட்டு உதிர்கிற செடிகள்தான் அதிகம். சாம்பிராணி அளவுக்கு ஒன்றும் ஆகாது, அம்மா மனம் கோணாமல் காட்டிக்கொள்ளட்டும்.

வேதியியல்_பித்து (திருச்சி)

அந்த நிறத்தைப் பத்தி யாரும் பேசலையே! பூவுல இந்த மாதிரிப் பச்சை கலந்த நீலம் ரொம்ப அபூர்வம். மால்வின்னு ஒரு நிறமி, சாதாரணமா ஊதாவோ சிவப்போ காட்டக்கூடியது. அதோட சபோனாரின்னு வெளிர்மஞ்சள் பொருள் ஒண்ணு சேர்ந்திருக்கு. ஒரு பங்கு மால்வினுக்கு ஒன்பது பங்கு சபோனாரின். போதாக்குறைக்கு இதழோட மேல்தோல் செல்லுல இருக்கற சாறு லேசான காரம், பிஎச் 7.9. பெரும்பாலான பூவுல அந்தச் சாறு புளிப்பாத்தான் இருக்கும். ஜப்பான் ஆய்வாளர்கள் 2010ல இதைப் பிரிச்சு எழுதியிருக்காங்க. கீழ விழுந்த பூ காயக் காய நீலமாகி ஊதாவா மாறறதைப் பார்த்தா புரியும், அந்தச் சமநிலை கலையுது.

என்கிட்ட செடி இல்லை. ஹாஸ்டல்.

வேணி_கண்டி (இலங்கை)

இடையில வாறதுக்கு மன்னிக்கோணும், ஆனால் பூக்காத செடியைப் பற்றித்தானே கதைக்கிறியள். நான் யாழ்ப்பாணம், இப்ப கண்டியில இருக்கிறன். எங்கட வீட்டில ஒரு நிஷாகந்தி நிக்குது. இஞ்ச கடுபுல் மல் எண்டு சொல்லுவினம், உங்கட பக்கம் பிரம்மகமலம் எண்டு விக்கினம். அக்கா வீட்டில இருந்து ஒரு இலையை முறிச்சுக் கொண்டுவந்து வைச்சனான். இப்ப ஆளுயரம். பெரிய சாடிக்கு மாத்தி, நல்ல பசளை போட்டு, மழை படாமல் விறாந்தையின்ர மூலையில வைச்சிருக்கிறன். இலை கனக்க வருது. ஒரு மொட்டும் இல்லை. அக்கான்ர செடி உடைஞ்ச வாளிக்குள்ள நிண்டு வருசத்துக்கு மூண்டு தரம் பூக்குது. எனக்கு விசர் பிடிக்குது.

கல்குளத்தான்

உங்கள் அக்காவின் உடைந்த வாளியில்தான் விடை இருக்கிறது.

நிஷாகந்தி ஒரு கள்ளி. மெக்சிகோவின் தெற்கிலும் மத்திய அமெரிக்காவிலும் மரக்கவட்டில் சேர்ந்த மக்கில் வேர்விட்டு வாழ்வது. நீங்கள் இலை என்பது தட்டையான தண்டு, அதனால்தான் அதன் ஓரத்து வெட்டில் மொட்டு வருகிறது. மரக்கவட்டில் மண் எவ்வளவு இருக்கும்? ஒரு பிடி. பெரிய சாடி கொடுத்தால் அந்த இடம் நிறையும்வரை வேரும் தண்டும் மட்டுமே போடும். வேர் நெருக்கினால்தான் பூ. உரித்த தேங்காய் நார், கரித்துண்டு, கொஞ்சம் மக்கிய இலை கலந்து சின்னச் சாடிக்கே திரும்ப மாற்றிவிடுங்கள். இதற்குப் பட்டினி கொஞ்சம் பலிக்கும். அம்பத்தூர் தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும். மழைக்கு முன்னால் சில வாரம் தண்ணீரைக் குறைத்து, பிறகு கூட்டினால் மொட்டு தூண்டப்படும்.

விறாந்தை மூலை இருட்டு. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் படட்டும். தண்டு லேசாக வெளிறினால் வெளிச்சம் போதும் என்று அர்த்தம், கரும்பச்சையாகவே இருந்தால் போதவில்லை. மொட்டு வந்த பிறகு சாடியைத் திருப்பாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். மொட்டு வளைந்து மேல்நோக்கித் தலை தூக்கினால் அன்றிரவோ மறுநாளோ விரியும்.

தேவகோட்டையார்

விரியற ராத்திரி தெருவே வரும், தயாரா இருங்க. எங்க வீட்டுல ஊதுபத்தி ஏத்தி, கற்பூரம் காட்டி, உள்ள ஆதிசேஷன் மேல பெருமாள் படுத்திருக்கார்னு காட்டறதுக்குப் பிள்ளைகளைத் தூக்கிப் பிடிப்பாங்க. ஒன்பது மணிக்கு மேல திறக்க ஆரம்பிச்சு நடுராத்திரிக்கு முழுசா விரியும், விடியறதுக்குள்ள துணிமாதிரி தொங்கிடும். "இமயமலை பிரம்மகமலம்"னு சொல்லி ஒரு இலைக்கு இருநூறு ரூபாய் கேட்டா கொடுக்காதீங்க. இமயமலையில 3,000 மீட்டருக்கு மேல வளர்ற பிரம்மகமலம் வேற செடி, உத்தராகண்ட் மாநிலப் பூ, சூரியகாந்திக் குடும்பம். அது நம்ம வெயில்ல ஒரு வாரம் தாங்காது.

தமயந்தி_சிங்கை

அதே மாதிரி ஆன்லைன்ல ஜேட் வைன் விதைன்னு விக்கறதையும் யாரும் வாங்காதீங்க. அதோட விதை சீக்கிரம் முளைப்புத்திறன் போயிடும், மாசக்கணக்கா பாக்கெட்ல கிடந்தா முளைக்காது. வௌவால் இல்லாத ஊர்ல காய் பிடிக்கறதே அபூர்வம். லண்டன் கியூ தோட்டத்துல கையால மகரந்தம் தடவித்தான் காய் எடுத்தாங்க. நீல நிற விதையைப் படத்துல காட்டினா அது ஏமாத்து வேலைதான்.

கூடலூர்_மழை (நீலகிரி)

எல்லாரும் பிலிப்பைன்ஸ், மெக்சிகோன்னு போயிட்டீங்க. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயே தொங்கும் சரத்துல பூக்கற கொடி இருக்கே! துன்பெர்ஜியா மைசூரென்சிஸ். மஞ்சளும் அரக்குச் சிவப்பும் கலந்த பூ, ஒரு முழத்துக்கு மேல சரம். உலகம் முழுக்கத் தோட்டக்காரங்க கொண்டாடறாங்க, நம்ம நர்சரியில கேட்டா முழிக்கறாங்க. தேன்சிட்டு வந்து காம்பைப் பிடிச்சுத் தொங்கிக் குடிக்கும்.

நட்டு ரெண்டு வருஷத்துக்குள்ள பூத்துடும், ஜேட் வைன் மாதிரி காக்கவைக்காது. அடிக்கு நிழல், தலைக்கு வெளிச்சம், ஈரமான காத்து. சென்னையில சித்திரை வெயில்ல இலை சுருளும், கோவையில வடக்குப் பக்கச் சுவரோரம் தாராளமா வரும். வாணிக்கா, பந்தல்ல இன்னும் ஒரு மூலை காலியா இருந்தா இதை ஏத்துங்க. வீட்டுக்காரர் பேஷன் ஃப்ரூட்டை மறந்துடுவார்.

அம்பத்தூர்_மாடி

சென்னைக்கு ஆகாதுன்னு சொல்லியே எல்லாரும் பேசறீங்க. மாடியில அடீனியத்துக்கு வேர் அழுகுது, என்ன மண் கலவை போடலாம்? ஆத்துமணல் கிடைக்கலை, எம்-சாண்ட் கலந்தா போதுமா?

நெறியாளர்

அடீனியம் கேள்வியைத் தனி இழையா பிரிச்சிருக்கேன், அங்க தொடருங்க. இங்க கொடிகளைப் பத்தி மட்டும்.

வடவள்ளி_வாணி

எல்லாருக்கும் வணக்கமுங்க, மாசியில திரும்ப வந்திருக்கேன். தை முடிஞ்சும் கொடி இருக்கு. ஐப்பசிக்கு அப்புறம் பஞ்சகவ்யா, மீன் அமிலம் எதுவும் போடலை. பொட்டாஷும் மூடாக்கும் மட்டும்.

போன வாரம் பந்தலுக்கு அடியில பழைய தண்டுல கருஞ்சிவப்பா ஊசிமாதிரி நீட்டிட்டு இருந்துச்சு. துளிர்னு நெனைச்சேன். பார்த்தா அதுல வரிசையா குட்டிக் குட்டி மொட்டு! மொத்தம் ஆறு சரம். அம்மா தூபக்கால்தான் காரணம்ங்கறாங்க, நான் ஒண்ணும் சொல்லலை.

ஆனா இன்னைக்குக் காலைல ரெண்டு சரத்துல மொட்டு எல்லாம் கீழ கொட்டிக் கிடக்குது. காம்பு மட்டும் மொட்டையா தொங்குது. எறும்பு வேற நிறைய ஏறுது. மருந்து அடிக்கலாமுங்களா? பஞ்சகவ்யா ஒரு தடவை குடுத்தா மொட்டுக்குத் தெம்பு வருமா?

கல்குளத்தான்

நல்ல செய்தி. மருந்தும் வேண்டாம், பஞ்சகவ்யாவும் வேண்டாம். எறும்பு தேனுக்கு வருகிறது, மொட்டைக் கடிப்பதில்லை. மாவுப்பூச்சி இருக்கிறதா என்று மட்டும் காம்பின் கவட்டில் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

முதல் வருடச் சரத்தில் பாதி உதிர்வது வழக்கம். ஆறையும் ஒரே சமயத்தில் வளர்க்க இந்தக் கொடிக்கு இன்னும் தெம்பு இல்லை, சிலதைக் கைவிடுகிறது. மற்றொரு காரணம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக இருக்கிற ஊர் உங்களுடையது, மாசியில் பகலில் வறண்ட காற்று அடிக்கும். மாலையில் பந்தலின் அடியையும் தரையையும் நனைத்துவிடுங்கள். மொட்டின் மேல் நேரடியாகப் பீய்ச்ச வேண்டாம். வேரடி ஒருநாள்கூடக் காயக்கூடாது. இந்த ஒரு மாதம்தான் தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டக்கூடாத மாதம்.

வேளாண்_பழசு

பந்தல் உயரம் எவ்வளவு? சரம் ஒரு மீட்டர், சிலசமயம் அதற்கு மேலும் இறங்கும், கார் கூரையில் உரசினால் பூ தாங்காது. கொடியின் எடையும் ஒவ்வொரு வருடமும் ஏறும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்புக்குக் குறைவாக இருந்தால் நடுவில் ஒரு கால் கொடுத்துவிடுங்கள்.

வடவள்ளி_வாணி

ஒன்பதடி இருக்குங்க, கார் கொஞ்சம் வெளியவே நிக்கட்டும். நாலு சரம் இன்னும் நிக்குது, ரெண்டு நல்லா நீளுது. நடுவுல கால் குடுக்க வெல்டர்கிட்ட சொல்லியாச்சு, ஆனா பூ முடிஞ்சப்புறம்தான் வரச்சொல்லியிருக்கேன், பொறி பட்டுடும்னு.

இதுல பதியம் போட்டுக் குடுக்க முடியுமான்னு மூணு பேர் தனிச்செய்தியில கேட்டிருக்காங்க. எப்பப் போடலாமுங்க?

கல்குளத்தான்

பூக்கும்போது தொடாதீர்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றோடு சாரல் வரும்போது விண்பதியம் போடுங்கள். பென்சிலைவிடத் தடித்த, முற்றிய தண்டில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே ஓர் அங்குல அகலம் பட்டை எடுத்து, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவை வைத்துப் பாலித்தீனால் இறுக்கிக் கட்டுங்கள். வெயில் படாமல் மேலே ஒரு துணி. வேர் பாலித்தீன் வழியாகத் தெரிய இரண்டு மாதம், சிலசமயம் மூன்றும் ஆகும். தெரிந்ததும் வெட்டாதீர்கள், வெள்ளை வேர் பழுப்பாக மாறும்வரை விடுங்கள். வெட்டியதும் பாதி இலையைக் கிள்ளிவிட்டு, நிழல்வலைக்கு அடியில் ஒரு மாதம் வைத்துத் தேற்றி, அதற்குப் பிறகு பார்சல் அனுப்புங்கள்.

மூன்று பேருக்கு ஐந்து போடுங்கள். எல்லாம் பிடிக்காது.